சின்னானும் குரங்கும் சுமந்த காடு

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறி இறங்கியவர்களில் குரங்கைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பலருக்கு அது பார்ப்பதோடு முடிவதில்லை. கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலோ மல்லாட்டைப் பொட்டலமோ பறிபோன கதையும் கூடவே இருக்கும். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்கும் கூட்டம் குறைவில்லை. மொட்டை, காதுகுத்து, பொங்கல் என்று வேன் பிடித்து வருகிறார்கள். அந்தக் கோயில் காட்டில் வெண்புருவச் சின்னானைப் பார்த்தீர்களா என்று அவர்களைக் கேட்டால், அப்படி ஒரு பறவை உண்டா என்று திருப்பிக் கேட்பார்கள். பொங்கல் பொங்கிக்கொண்டிருக்கும்போது பத்தடி தள்ளியிருக்கும் புதருக்குள்ளிருந்து அது பாடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

எங்கே திரும்பினாலும் கண்ணில் படுகிற நாட்டுக் குரங்கை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் அழியும் வாய்ப்புள்ள இனங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. யார் கண்ணுக்கும் படாத சின்னான் அதே பட்டியலில் கவலை குறைந்த இனம். கணக்கு தலைகீழாகத் தெரிகிறது. ஆனால் விழுப்புரம் மாவட்டத்தின் எஞ்சிய காடுகளுக்குள் நின்று பார்த்தால், இரண்டு இடத்திலும் பட்டியல் சரியாகத்தான் சொல்கிறது.

முதலில் காடு. இங்கே காடு என்றால் மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி வானம் மறைக்கிற காடு இல்லை. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு கல்வராயன் மலையின் பெரும்பகுதியும் விழுப்புரத்தின் கணக்கிலிருந்து போய்விட்டது. மிஞ்சியவை செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்றுகளும் அவற்றின் புதர்க்காடுகளும், கிழக்கே கடலோரம் திட்டுத்திட்டாக நிற்கும் உலர் பசுமைமாறாக் காடும். இந்தியாவில் இந்த இரண்டாவது வகை சோழமண்டலக் கடற்கரைக்கே உரியது. ஆண்டுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் காய்ச்சல். அப்படியிருந்தும் இலை உதிர்க்காத மரங்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் எதுவும் எழும்பாது. பாலை, வீரை, காசான், நாவல், காட்டு எலுமிச்சை. அவற்றுக்குக் கீழே காரை, களா, சூரை என்று முள்ளும் கொடியும் பின்னிக் கிடக்கும். சாம்பியனும் சேத்தும் 1968-ல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதற்குத் தனி இடம் கொடுத்தார்கள். மரக்காணத்திலும் புத்துப்பட்டிலும் நிற்கும் இந்தக் காடுகளைத் தாவரவியலாளர்கள் மரம் மரமாக அளந்து எழுதியிருக்கிறார்கள். புத்துப்பட்டுக் காடு தப்பியதற்கு அய்யனார் காரணம். அவர் எல்லைக்குள் குச்சி ஒடிக்கக்கூடாது என்பது ஊர்க்கட்டு.

இந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை காற்றை நம்பி விதை பரப்புபவை அல்ல. சதைப்பற்றுள்ள பழம் காய்த்து, அதை ஏதாவது ஒரு வாய் தின்று, எங்காவது கொண்டுபோய்ப் போடட்டும் என்று விட்டுவிடுபவை. அந்த வாய்களில் இரண்டுதான் நாம் பார்க்கப் போகும் சின்னானும் குரங்கும்.

சின்னான் முப்பது கிராம் சொச்சம் எடை, ஒரு சாண் நீளம். செம்புழைச் சின்னானை எல்லோருக்கும் தெரியும்: கறுத்த தலை, சிறு கொண்டை, வாலடியில் சிவப்பு, மின்கம்பியில் உட்கார்ந்து ஊர் பார்க்கும். வெண்புருவச் சின்னானுக்கு அந்த அலங்காரம் எதுவும் கிடையாது. கொண்டை இல்லை. உடம்பு முழுக்க மங்கிய ஆலிவ் பச்சை, கண்ணுக்கு மேலே வெளிறிய புருவம், வாலடியில் கொஞ்சம் மஞ்சள். அழகுப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும். தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை என்ற பெருமையை மட்டும் யாரும் பறிக்க முடியாது. தனியாகவோ சோடியாகவோ புதருக்குள்ளேயே வாழும். தோட்டத்துக்கும் வரும், ஆனால் வேலியின் அடர்த்தி குறைந்தால் வராது.

நாட்டுக் குரங்கில் ஆண் ஆறு ஏழு கிலோ, பெண் நான்கு கிலோ. உச்சந்தலை நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விரிந்து விழும் முடியால் குல்லாய்க் குரங்கு என்ற பெயரும் உண்டு. உடம்பைவிட வால் நீளம். இதுவும் தீபகற்ப இந்தியாவுக்கு மட்டுமே உரியது. வடக்கே ரீசஸ் குரங்கின் நாடு தொடங்கும் இடத்தோடு இதன் எல்லை முடிகிறது. அந்த எல்லைக்கோடு சில பத்தாண்டுகளாகத் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது இதன் கவலைகளில் ஒன்று. இருபது முப்பது பேர் கொண்ட கூட்டமாக வாழும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுதும் இருந்துவிடுவார்கள். தாய், மகள், பேத்தி, சித்தி என்று ஒரே கிளை. ஆண்கள்தான் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போவார்கள். குறுந்தொகையின் 69-ஆம் பாட்டில், துணை இறந்த மந்தி தன் பறழைக் கிளையிடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து விழுந்து உயிர் விடுகிறது. மந்தி உயிர் விடுவது புலவரின் கற்பனை. குட்டியைக் கிளையிடம் ஒப்படைப்பது மட்டும் உற்றுப் பார்த்தவன் எழுதியது. தாய் போனாலும் குட்டிக்குப் பெரியம்மாக்களும் பாட்டிகளும் அங்கேயே இருப்பார்கள் என்பதை அந்தக் காலத்திலேயே ஒருவர் கவனித்திருக்கிறார்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் என்னை அதிகம் இழுப்பது குரல். பறவை பாடும், குரங்கு கத்தும் என்று சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் நமக்கு. உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் வேறு.

சின்னானின் பாட்டு திடீரென்று கிளம்பும். சத்தமாக, ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, அடைத்திருந்த குழாயில் தண்ணீர் கொப்பளித்து வந்து சட்டென்று நின்ற மாதிரி முடியும். முன்னறிவிப்பும் கிடையாது, இழுத்து முடிப்பதும் கிடையாது. சில சமயம் துணை பக்கத்துப் புதரிலிருந்து பதில் கொடுக்கும். இந்த அளவு சத்தம் அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து வருவதற்குக் காரணம், பறவையின் குரல் உறுப்பு நம்மைப் போலத் தொண்டையில் இல்லாமல், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருப்பது. பாடும் பறவைகளால் அதன் இரு பக்கங்களையும் தனித்தனியே இயக்க முடியும்.

அதைவிடப் பெரிய செய்தி, பாடும் பறவைகள் பாட்டோடு பிறப்பதில்லை. கேட்டுத்தான் கற்கின்றன. கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் 1950-களில் சாஃபிஞ்ச் குஞ்சுகளைப் பெரிய பறவைகளின் பாட்டுக் கேட்காமல் தனியே வளர்த்துப் பார்த்தார். வளர்ந்ததும் அவை பாடின. ஆனால் அரைகுறையாக, உருப்படாத பாட்டாக. கேட்டு வளர்ந்த குஞ்சுகள் சரியாகப் பாடின. நம் சின்னானும் அதே பாடும் பறவைக் குலத்தைச் சேர்ந்ததுதான். புத்துப்பட்டுப் புதரில் இன்று கேட்கும் பாட்டுக்கு, போன தலைமுறைச் சின்னான்கள் ஆசிரியர்கள்.

குரங்குக்கு இது வாய்க்கவில்லை. ரீசஸ் குட்டிகளை ஜப்பானியக் குரங்குத் தாய்களிடமும், ஜப்பானியக் குட்டிகளை ரீசஸ் தாய்களிடமும் மாற்றி வளர்த்த ஓர் ஆய்வு 1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்தது. குட்டிகள் வளர்ப்புக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டன, அவர்களின் குரலைப் புரிந்துகொண்டன. வாயைத் திறந்தால் மட்டும் பெரும்பாலும் பிறந்த குலத்தின் குரலே வந்தது. உறுப்பில் குறையா என்றால் அதுவும் இல்லை. டெகம்சே ஃபிட்சும் உடனிருந்தவர்களும் 2016-ல் ஒரு மக்காக் குரங்கின் தொண்டையையும் வாயையும் எக்ஸ்ரே படமெடுத்து அளந்து, மனிதப் பேச்சுக்குப் போதுமான ஒலிகளை அந்த உறுப்புகளால் எழுப்ப முடியும் என்று காட்டினார்கள். கருவி இருக்கிறது, அதை இயக்கக் கற்கிற மூளை அமைப்பு இல்லை. நம் குழந்தை அம்மா என்று சொல்லக் கற்கும் முறை, நெருங்கிய உறவினரான குரங்கின் முறையைவிட, எத்தனையோ கோடி ஆண்டு முன்பே பிரிந்துபோன பறவையின் முறைக்குத்தான் அருகில் இருக்கிறது.

ஆனால் குரங்கை இதோடு தோற்றதாக எழுதிவிட முடியாது. பந்திப்பூரில் அத்வைத் தேஷ்பாண்டே, ஸ்ரீஜாதா குப்தா, அனிந்தியா சின்ஹா மூவரும் சாலையோர நாட்டுக் குரங்குகளைக் கவனித்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கூட்டத்துக்குள் ஒன்றையொன்று தொடர்புகொள்ளப் பயன்படும் 'கூ' என்ற மெல்லிய குரலை, அங்குள்ள குரங்குகள் மனிதரைப் பார்த்து எழுப்பின. கூடவே கையை நீட்டின. மனிதர் கையில் தின்பண்டம் இருக்கும்போது, அவர் தம்மைக் கவனிக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் செய்தன. குரல் பழையது; அதை யாரிடம், எதற்கு வீசுவது என்பது புதியது. சின்னான் கற்பது பாட்டை. குரங்கு கற்பது ஆளை. செஞ்சிப் படிக்கட்டில் யார் பையைப் பறிக்கலாம், யாரைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்பதைக் குரங்கு நம்மைவிட வேகமாகக் கணித்துவிடுகிறது.

நாம்தான் அதை அவ்வளவு நன்றாகப் படிப்பதில்லை. குரங்கு பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது பயத்தின், பணிவின் முகம். வாயைப் பிளந்து முறைத்தால்தான் மிரட்டல். நாம் பதிலுக்குப் பல்லைக் காட்டிச் சிரித்து, கண்ணோடு கண் பார்த்தால், அதற்கு என்ன புரியும் என்று யோசித்துக்கொள்ளலாம். கடிபட்டவர்களில் பாதிப்பேர் இந்த மொழிக் குழப்பத்தில் கடிபட்டவர்கள் என்பது என் ஊகம்.

குடும்பக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். சின்னான் பொதுவாக இரண்டு முட்டை இடும். இரண்டு வாரத்துக்கு முன்பின்னாகக் குஞ்சு பொரிக்கும், அதே அளவு நாளில் குஞ்சு கூட்டை விட்டு இறங்கிவிடும். கூடு போனால் இன்னொரு கூடு. குரங்கு ஐந்தரை மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அதை மாதக்கணக்கில் மடியில் சுமக்கும். சின்னான் கூட்டை அழிப்பவர்கள் பட்டியலில் காகம், பூனை, பாம்போடு நாட்டுக் குரங்கும் உண்டு. முட்டையும் குஞ்சும் கிடைத்தால் அது விடாது. ஒரே காட்டின் இரண்டு குடிகள் என்று பாசமாக எழுதுவதற்கு முன் இதையும் எழுதிவிட வேண்டும். ஒரு தலைமுறை இழந்தால் சின்னான் அடுத்த பருவத்தில் ஈடுகட்டிவிடும், குரங்கால் முடியாது என்பதுதான் சிவப்புப் பட்டியலின் தலைகீழ்க் கணக்குக்கு முதல் விளக்கம்.

இப்போது விதை. கோடியக்கரை இந்தக் காட்டு வகையின் தெற்குப் பங்காளி. சின்னானும் குரங்கும் அங்கேயும் உண்டு. வி.எஸ். விஜயன் 1970-களில் அங்கே தங்கித்தான் செம்புழைச் சின்னானும் வெண்புருவச் சின்னானும் ஒரே புதர்க்காட்டை எப்படிப் பங்கிட்டு வாழ்கின்றன என்று ஆராய்ந்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னால் பி. பாலசுப்பிரமணியன் அதே காட்டில் எந்தப் பழத்தை எந்தப் பறவை தின்கிறது, எந்த மாதத்தில் எது பழுக்கிறது என்று பதிவு செய்தார். விழுப்புரத்தின் கடலோரக் காட்டைப் புரிந்துகொள்ள அந்தக் கோடியக்கரைப் பதிவுகள் நல்ல துணை.

சின்னான் பழத்தை முழுதாக விழுங்கும். அலகு எவ்வளவு விரியுமோ அவ்வளவு பெரிய பழம்தான் உள்ளே போகும். காரை, சூரை, சந்தனம், ஆல், அரசு, உகா எல்லாம் அதற்குத் தோதான அளவு. வயிற்றில் விதை அதிக நேரம் தங்காது, நிமிடக்கணக்கில்தான். அடுத்த புதரில் உட்கார்ந்து எச்சமிடும்போது விதை விழுந்துவிடும். புதரடியில் விழும் விதைக்கு நிழலும் ஈரமும் கிடைப்பது அதன் அதிர்ஷ்டம். ஒரு நாளில் ஒரு சின்னான் போடும் விதைகள் அதிகம், கொண்டுபோகும் தூரம் குறைவு. கையோடு உண்ணிச்செடியையும் அது பரப்புகிறது என்பதை மறைத்துவிட்டு அதைத் தோட்டக்காரன் என்று புகழ்ந்தால் அது விளம்பரமாகிவிடும். செஞ்சிக் கோட்டைச் சுவர்களில் கல்லைப் பிளந்துகொண்டு முளைக்கிற அரசும் ஆலும் இப்படிப் பறவை எச்சத்தில் வந்தவைதான். 2025 ஜூலையில் மராத்தியர் இராணுவ நிலக்காட்சிகளில் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது; சின்னானுக்கு அந்தச் சேதி போயிருக்காது.

குரங்கின் முறை வேறு. அதன் கன்னத்தில் பை இருக்கிறது. பழ மரத்தில் ஏறினால் உட்கார்ந்து ருசித்துக்கொண்டிருக்காது. அவசரமாக அள்ளிக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்துக்குப் போய் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சதையைச் சப்பிவிட்டு, பெரிய கொட்டையைத் துப்பும். சிறிய விதையை விழுங்கி, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வேறிடத்தில் விடும். பாலைப்பழத்தைச் சின்னான் கொத்தலாம். கொட்டையைத் தூக்கிக்கொண்டு போவது அதற்குப் பெரும்பாலும் ஆகாத வேலை. நாவலும் வீரையும் அப்படியே. அந்தப் பெரிய கொட்டைகளைத் தாய்மரத்தின் நிழலிலிருந்து அப்பால் கொண்டுபோக நரியும் மரநாயும் பழந்தின்னி வௌவாலும் இருக்கின்றன. ஆனால் பகலில், கூட்டமாக, கிளை கிளையாகத் தின்று நடந்துபோகிறவர்கள் குரங்குகள் மட்டும்தான். புதரை ஒருவர் விதைக்க, மரத்தை மற்றவர் விதைக்க, காடு அடுக்கடுக்காக எழுந்தது என்று சொன்னால் கொஞ்சம் எளிமைப்படுத்தியதாகும், ஆனால் தவறாகாது.

கடலுக்கு அப்பால் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இலங்கையின் பொலன்னறுவையில் வொல்ஃப்காங் டிட்டஸ் 1968 முதல் அங்குள்ள செங்குரங்குகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார். செங்குரங்கு நம் நாட்டுக் குரங்கின் நெருங்கிய உடன்பிறப்பு இனம். அவை வாழும் காட்டின் முக்கிய மரம் வீரை. பாலைப்பழமும் வீரைப்பழமும் இலங்கையின் வன்னிப் பகுதி மக்களுக்கு இன்றும் சிறுவயது நினைவோடு ஒட்டிய பழங்கள். திண்டிவனத்துப் பிள்ளைகளுக்கு அவற்றின் பெயரே தெரியுமா என்பது சந்தேகம். வேடிக்கை என்னவென்றால், பாக் நீரிணைக்கு இருபுறமும் வெண்புருவச் சின்னான் ஒரே இனமாகவே இருக்கிறது, இலங்கைப் பறவையை ஓர் உள்ளினம் என்று மட்டும் பிரித்திருக்கிறார்கள். குரங்கோ அதே நீரிணையால் வேறு இனமாகவே பிரிந்துவிட்டது.

இனி மனிதர். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் பஞ்சவடியில் 36 அடி உயரப் பஞ்சமுக ஆஞ்சநேயர் நிற்கிறார். குரங்கின் மேல் நம் மக்களுக்குள்ள பக்திக்கு இதைவிட உயரமான சான்று இந்தப் பக்கத்தில் இல்லை. சின்னானுக்குக் கோயில் கிடையாது, கதை கிடையாது. ஆனால் கிடைத்ததை வைத்துப் பார்த்தால் யார் பாக்கியசாலி என்பது வேறு மாதிரித் தெரிகிறது. ஆஞ்சநேயரின் பெயரால் குரங்குக்குக் கிடைத்தது வாழைப்பழமும் பிஸ்கட்டும். அய்யனாரின் பெயரால் சின்னானுக்குக் கிடைத்தது இடம்.

பிஸ்கட் தின்னும் குரங்கு பாலைப்பழம் தேடிப் போவதில்லை. போனாலும் குறைவு. அதன் கன்னப்பையில் இருப்பது நம் தீனி. அதில் முளைக்கக்கூடியது எதுவும் இல்லை. காட்டின் ஓரத்தில், படிக்கட்டில், சுங்கச்சாவடி அருகில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் கூட்டம் காட்டுக்கு வேலை செய்வதை நிறுத்திவிட்ட கூட்டம். உணவு போடுகிறவர் புண்ணியம் சேர்ப்பதாக நினைக்கிறார். அவர் காட்டிலிருந்து ஒரு விதைப்பாளரைப் பணிநீக்கம் செய்துகொண்டிருக்கிறார் என்பதே என் கருத்து. பிறகு அந்தக் கூட்டம் பக்கத்துக் கொல்லைக்குள் இறங்குகிறது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரை முதலெழுத்துகளில் சுமந்த டி.எம்.வி. ரகங்கள் ஊரெங்கும் மல்லாட்டையைப் பரப்பின. குன்றை ஒட்டிய நிலத்தில் காய் பிடிக்கும் பருவத்தில் குடும்பமே காவல் இருக்க வேண்டியிருக்கிறது. பிடுங்கிப் போட்ட செடியைப் பார்க்கிறவருக்கு ஆஞ்சநேயர் நினைவுக்கு வராததில் தப்பில்லை.

இதே கூட்டத்துக்கு முன்பு சாலையும் ஓர் இருப்பிடமாக இருந்தது. ஆலும் புளியும் இருபுறமும் கைகோத்து நின்ற நாளில் குரங்கு தரையிறங்காமலே மைல்கணக்கில் போகும்; மரத்திலேயே தீனியும் தூக்கமும். சென்னை–திருச்சி சாலை நான்கு வழியாக விரிந்தபோது திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து நிழல்மரங்கள் போயின. கர்நாடகத்தில் மேவா சிங்கும் உடனிருந்தவர்களும் மைசூர்ப் பகுதிச் சாலையோரக் குரங்குக் கூட்டங்களை 1989-லும் மீண்டும் 2009-லும் எண்ணினார்கள். இடையில் பெரும் சரிவு. சாலையோர ஆலமரங்கள் வெட்டப்பட்டதை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டினார்கள். இத்தனை குரங்கு இருக்கிறதே, இது எப்படி அழியும் இனம் என்று கேட்பவருக்கு இதுவே பதில். மரம் இருந்த நூறு இடங்களில் பரவியிருந்தவை, தீனி கிடைக்கிற நாலு இடத்தில் குவிந்துவிட்டன. அந்த நாலு இடத்துக்கும்தான் நாம் போகிறோம்.

சட்டமும் இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு நாட்டுக் குரங்கு முதல் பட்டியலில், அதாவது உயர்ந்த பாதுகாப்பில் இருக்கிறது. பயிர்ச்சேதம் தாங்காத கேரளம் 2025-ல் அதை இரண்டாம் பட்டியலுக்கு இறக்க வேண்டும் என்று கேட்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஊருக்குள் தொல்லை தரும் கூட்டத்தைப் பிடித்துத் தூரத்துக் காட்டில் விடுவது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. இருபது பேர் கொண்ட ஒரு கிளையைப் பாதியாகப் பிய்த்து, தெரியாத காட்டில், ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்கும் இடத்தில் விட்டால், அவை அடுத்த ஊரின் படிக்கட்டுக்கு வந்துசேரும்.

சின்னானுக்கு ஆபத்தே இல்லையா? உண்டு, ஆனால் அது அமைதியாக வரும் ஆபத்து. கோயிலுக்கு வருமானம் கூடியதும் காட்டுக்குள் மண்டபம் எழுகிறது, வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்கிறார்கள், பாம்பு இருக்கும் என்று புதரைச் சுத்தம் செய்கிறார்கள். மரங்களை விட்டுவைப்பதால் காடு அப்படியே இருப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். வெண்புருவச் சின்னானின் வீடு மரம் இல்லை, அந்தப் புதர்தான். அடிப்புதர் போன தோப்பில் செம்புழைச் சின்னானும் காகமும் இருக்கும். வெண்புருவம் இருக்காது. தோப்பின் நலத்தை ஒரே ஒரு அறிகுறியை வைத்துச் சொல்லச் சொன்னால், சிலை எத்தனை, குதிரை எத்தனை என்று எண்ணாமல், உள்ளிருந்து அந்தக் கொப்பளிப்பு கேட்கிறதா என்று காது கொடுப்பேன்.

வானூர் வட்டத்தில் 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களாகக் கிடந்தது. முதலில் வேகமாக வளரும் வெளிநாட்டு அக்கேசியாவை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். பிறகு இந்தக் கடற்கரைக்கே உரிய மரங்களைக் காடுகளிலிருந்து விதை சேகரித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நிழல் வந்ததும் பறவைகள் வந்தன. நடாத செடிகளும் முளைத்தன. சின்னான் விழுங்கும் அளவுள்ள விதைகளுக்கு மனித உழைப்பு அதிகம் தேவைப்படாது. பெரிய கொட்டை மரங்களுக்குத் தேவைப்படும். குரங்கு வராத இடத்தில் அந்த வேலையை யாராவது கையால்தான் செய்ய வேண்டும். எனவே கோயில் காட்டையோ ஏரிக்கரையையோ மீட்க நினைக்கிற ஊராட்சிகளும் இளைஞர் மன்றங்களும் காரைக்கும் சூரைக்கும் காசு செலவழிக்க வேண்டாம். நாலு புதரை வெட்டாமல் விட்டாலே போதும், மிச்சத்தைச் சின்னான் பார்த்துக்கொள்ளும். காசும் கையும் போக வேண்டியது பாலைக்கும் வீரைக்கும் நாவலுக்கும். பாலை நாற்று கிடைக்காது என்று சொல்ல முடியாது. சப்போட்டாவுக்கு ஒட்டுக்கட்ட அடிச்செடியாகப் பாலையைத்தான் நாற்றங்கால்களில் வளர்க்கிறார்கள். ஒட்டு வைப்பதற்கு முன்பே, பாலையாக இருக்கும்போதே, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.